ஏப்பத்தில் போகும் பால்: டெல்டாவில் ஒரு கொட்டகையின் தீவனக் கணக்கு

பால் சங்கத்துத் திண்ணையில் நடந்த கூட்டத்தில், எடுத்த எடுப்பிலேயே 'மீத்தேன்' என்று சொன்னது என் தப்பு. மன்னார்குடிக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. துண்டை விரித்து முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று எழுந்துவிட்டார். "மீத்தேன்னு சொல்லிக்கிட்டு எவனும் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னுதானே அத்தனை நாள் ரோட்டுல கிடந்தோம். இப்ப மாட்டு வழியா வர்றீங்களா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010இல் அனுமதி தரப்பட்ட பிறகு, அதன் ஆபத்தை ஊர் ஊராகப் போய் விளக்கியவர் நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் அவர் உயிர் பிரிந்ததும் அந்தப் போராட்டத்தின் நடுவில்தான். பிறகு 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம், 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். இந்த மண்ணில் மீத்தேன் என்றால் ஆழ்குழாயும் அளவுக்கல்லும்தான் நினைவுக்கு வரும். மாட்டின் ஏப்பம் யாருக்கு நினைவு வரும்?

"அந்த மீத்தேன் வேற, இது வேற" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். வாயு ஒன்றுதான். அதிலும் சம்பா வயலில் தண்ணீர் கட்டிய சேற்றுக்குள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும், மாட்டின் பெருவயிற்றில் அதே வேலையைச் செய்பவையும் ஒரே வகையறா. காற்றுப் புகாத, ஈரமான, நார் நிறைந்த இடம் எங்கே கிடைத்தாலும் அவை குடியேறிவிடும். ஆகவே வேறு பக்கமாக ஆரம்பித்தேன். "ஐயா, உங்க மாடு தின்னுற தீவனத்துல இருக்குற சக்தியில நூத்துக்கு ஆறு பங்கு வாய் வழியா காத்தாப் போயிடுது. அதுல கொஞ்சத்தையாவது பால் பக்கம் திருப்ப முடியுமான்னு பாக்கத்தான் வந்தேன்."

"அப்படிச் சொல்லுங்க" என்று உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்தபோது ஒரு அக்கா வந்து, "தம்பி, எங்க கொட்டகைக்கு ஒரு எட்டு வந்து பாருங்க. என்ன போட்டாலும் ஆறு லிட்டரத் தாண்ட மாட்டேங்குது" என்றார். அந்த ஒரு கொட்டகையில் தை தொடங்கி கார்த்திகை வரை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொட்டகையில் இருந்தவை

கீற்றுக் கொட்டகை. கறவையில் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள்: செவலை, கருப்பி. ஒரு கிடேரி. அப்புறம் மூலையில் தனியாகக் கட்டியிருந்த ஓர் உம்பளாச்சேரிப் பசு. அது மாமியாருடைய மாடு. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் 'அப்பாயி', நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

செவலையைத்தான் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். மூன்றாவது ஈத்து, கன்று போட்டு மூன்று மாதம். கிராமத்தில் மாட்டை நிறுத்தி எடை போட எடைமேடை ஏது? இஞ்ச் டேப்தான். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 64 அங்குலம், தோள்பட்டை முனையிலிருந்து பின்னிடுப்பு எலும்பு வரை நீளம் 56 அங்குலம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை வரும். 348 வந்தது. பத்து இருபது கிலோ முன்னே பின்னே இருக்கலாம், நம் வேலைக்குப் போதும்.

தீவனத்தைக் கைத்தராசில் தொங்கவிட்டு மூன்று நாள் நிறுத்தோம். வைக்கோல் ஐந்தரை கிலோ. வரப்பில் அறுத்த புல் எட்டு கிலோ. தவிடு ஒன்றரை கிலோ, கழுநீரில் கலந்து. கடையில் வாங்கும் கலப்புத் தீவனம் ஒரு கிலோ. ஈரம் நீக்கிப் பார்த்தால் மொத்தம் 9 கிலோ உலர் தீவனம். அளவில் குறை சொல்ல முடியாது, வயிறு நிறைகிற தீனி. ஆனால் அதில் புரதம் 660 கிராம் அளவில்தான் தேறியது. அந்த எடையில் ஆறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்பைக் காப்பாற்றவும் பாலுக்குமாக 850 கிராம் வேண்டும். மாடு நாள் முழுக்க அசை போடுகிறது, வயிறும் உப்பலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பட்டினி. வைக்கோல் தின்னும் டெல்டா மாட்டின் கதையே இதுதான்.

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4தான். மணிச்சத்தும் குறைவு. மணல்சத்தான சிலிக்கா ஏராளம், ஆகவே செரிப்பதும் மெதுவாக. இப்போது அறுவடை இயந்திரம் வந்த பிறகு இன்னொரு தொல்லை: சக்கரம் மிதித்து, சேறு ஒட்டி, பிறகு உருளைக் கட்டாகச் சுருட்டி வருகிற வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறது. காலடியில் மிதிபடுவதை அப்பாயி காட்டினார். "கையறுப்பு வைக்கோல் மேல பயத்தங்கொடியும் உளுத்தங்கொடியும் கலந்து போர் போடுவோம். மாடு கொடியத் தேடி வைக்கோலையும் சேத்துத் தின்னுடும்." சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே பயறு விதைக்கிற வழக்கத்தின் மறுபாதி இது. பருப்பு வீட்டுக்கு, கொடி மாட்டுக்கு. வைக்கோலுக்கு எது பற்றாக்குறையோ அதை ஈடுகட்டும் துணைத் தீவனம் வயலிலேயே விளைந்தது. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் செய்தது. அந்தக் கொடி இப்போது அந்த வீட்டுக்கு வருவதில்லை.

ஏப்பத்தின் எடை

மாட்டின் பெருவயிற்றில் நார் நொதிக்கும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. அது அங்கேயே தேங்கினால் நொதிப்பே நின்றுபோகும். மீத்தேன் நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்கி வெளியேற்றுகின்றன. 90 சதவீதத்துக்கு மேல் வாய் வழியாகத்தான் போகிறது. பின்பக்கமாகப் போகிறது என்று நினைத்துச் சிரிப்பவர்களுக்கு: கொட்டகையில் படுத்து அசை போடும் மாட்டின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கவளம் கீழே இறங்கும். அடுத்தது மேலே வரும் முன் இடதுபக்க விலா லேசாக அசையும். சத்தமே இல்லாமல் ஒரு மூச்சு வெளியே வரும். புளித்த புல் வாடை. அதுதான்.

தீவனத்தில் நார் கூடினால் ஹைட்ரஜனும் கூடும். மாவுச்சத்து கூடினால் நொதிப்பு வேறு பாதையில் போய், ஹைட்ரஜனில் ஒரு பங்கை அந்தப் பாதையே எடுத்துக்கொள்ளும். வைக்கோல் நார் கூடிய ரகம்.

மீத்தேனை நேரடியாக அளக்க மாட்டை மூடிய அறைக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தில் குப்பி கட்டி, வயிற்றுக்குள் சல்பர் ஹெக்சாபுளோரைடு வாயு கசியும் குழலை வைத்து ஒப்பிட வேண்டும். நம் கொட்டகையில் இதெல்லாம் நடக்கிற காரியமா? ஆகவே நான் சொல்லும் எண்கள் அளந்தவை அல்ல, கணக்கிட்டவை. நாடுகள் தங்கள் வாயுக் கணக்கை ஒப்படைக்கப் பயன்படுத்துகிற அதே வாய்பாடுதான்: ஒரு கிலோ உலர் தீவனத்தில் 18.45 மெகாஜூல் சக்தி, அதில் 6.5 சதவீதம் மீத்தேனாகப் போகிறது. ஒரு கிலோ மீத்தேனில் இருப்பது 55.65 மெகாஜூல்.

செவலைக்குப் போட்டுப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 194 கிராம் மீத்தேன். ஆறு லிட்டர் பாலுக்கு வகுத்தால் லிட்டருக்கு 32 கிராம். ஆண்டு முழுக்க ஒரு மாட்டிலிருந்து 71 கிலோ. ஒரு கிலோ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் காற்றில் அது தங்குவது 12 ஆண்டுபோலத்தான். அதனால்தான் இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும் என்கிறார்கள்.

அக்காவுக்கு இந்த எண்களில் ஒன்றுதான் பிடித்தது. 194 கிராம் மீத்தேனில் 10.8 மெகாஜூல் இருக்கிறது. ஒரு லிட்டர் பாலை உண்டாக்க மாட்டுக்கு 5 மெகாஜூல் அளவுக்கு வேண்டும். "அப்ப ரெண்டு லிட்டர் பாலு காத்துல போவுதா?" என்றார். முழுவதையும் பிடித்துவிட முடியாது, ஹைட்ரஜனுக்கு வெளியே போக ஏதாவது வழி இருந்தே ஆக வேண்டும் என்றேன். அவர் காதில் அது விழவில்லை. அந்த ரெண்டு லிட்டரிலேயே நின்றுவிட்டார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

கடையில் கிடைப்பவையும் கிடைக்காதவையும்

உலகத்தில் இப்போது பேசப்படும் துணைத் தீவனங்கள் சிலவற்றை அந்தக் கொட்டகையில் வைத்து யோசித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை அங்கே உட்காரவில்லை.

முதலாவது 3-நைட்ரோஆக்ஸிபுரோபனால். 'போவேர்' என்ற பெயரில் விற்கிறார்கள். மீத்தேன் உண்டாகும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியை அது அடைத்துவிடும். ஒரு மாட்டுக்கு நாளுக்குக் கால் தேக்கரண்டி. கறவை மாட்டில் 30 சதவீதம் வரை மீத்தேன் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதித்தது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மே மாதம் தன் பரிசீலனையை முடித்துப் பச்சைக்கொடி காட்டியது. ஆனால் அதன் வேகம் சில மணி நேரம்தான். மாடு நாள் முழுக்கத் தின்னும் கலவையில் சீராகக் கலந்திருக்க வேண்டும். காலையில் ஒரு தொட்டி, மாலையில் ஒரு தொட்டி, நடுவில் குளத்தங்கரை மேய்ச்சல் என்று இருக்கிற மாட்டுக்கு அது பொருந்தாது. போதாததற்கு, தீவனத்தில் நார் கூடக் கூட அதன் பலன் குறைகிறது. நம் மாட்டுக்கு நார்தானே சாப்பாடு. இன்னொன்று, ஐரோப்பியப் பண்ணைச் சோதனைகளில் மீத்தேன் குறைந்த அளவுக்குப் பால் கூடவில்லை. பால் கூடாத ஒன்றுக்கு இந்த அக்கா ஏன் காசு கொடுப்பார்?

இரண்டாவது கடல்பாசி. கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான்: "மண்டபத்துலதான் பாசி வளக்குறாங்களே, அதை வாங்கிப் போட்டா என்ன?" நல்ல கேள்வி. பாசி எல்லாம் ஒன்றல்ல என்பதுதான் பதில். மீத்தேனை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக மாட்டுச் சோதனைகளில் பதிவானது அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசி. அதிலுள்ள புரோமோஃபார்ம்தான் வேலை செய்கிறது. பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டங்களில் கட்டி வளர்ப்பது கப்பாபைகஸ், ஜெல்லி போன்ற பொருளுக்காக. இரண்டும் சிவப்புப் பாசிகள் என்பதைத் தவிர இந்த விஷயத்தில் உறவில்லை. புரோமோஃபார்ம் ஆவியாகிப் போகக்கூடியது, பக்குவமாகக் காயவைத்துச் சேமிக்க வேண்டும். பாலிலும் பெருவயிற்றுச் சுவரிலும் அது என்ன செய்யும் என்பதில் இன்னும் கவனம் தேவை.

மூன்றாவது நம் பக்கத்துச் சரக்கு. பெங்களூருவில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் நிறைந்த தாவரப் பொருட்களை வைத்து 'ஹரித் தாரா' என்ற கலவையை 2021இல் வெளியில் கொண்டுவந்தது. அதற்கு முன்பே புளியங்கொட்டைத் தோலை வைத்து 'டாமரின் பிளஸ்' என்ற ஒன்றையும் செய்திருந்தார்கள். 17 முதல் 20 சதவீதம் வரை மீத்தேன் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. டானின் என்பது புளியங்கொட்டைத் தோலைக் கடித்தால் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. அது மீத்தேன் நுண்ணுயிர்களையும், அவை ஒட்டிக்கொண்டு வாழும் ஒருசெல் உயிர்களையும் அடக்குகிறது.

எனக்கு இதில் ஆசை வந்தது உண்மை. எங்கள் கடைத்தெருவில் அந்தக் கலவை கிடைக்கவில்லை, ஆகவே புளியங்கொட்டையை வறுத்துத் தோலுரித்து நாமே அரைத்துப் போடலாமா என்றுகூட ஒரு நாள் பேசினோம். நல்லவேளை, செய்யவில்லை. டானின் புரதத்தையும் கவ்விப் பிடிக்கும். புரதம் தாராளமாக இருக்கிற தீவனத்தில் அது நன்மை. ஏற்கெனவே 200 கிராம் பற்றாக்குறையில் இருக்கிற செவலைக்கு அது இருப்பதையும் பிடுங்குவது போல் ஆகும். மொத்தத் தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாடு தின்பதே குறையும். மீத்தேனும் குறைந்திருக்கும்தான், பட்டினி போட்டால் எந்த மாட்டுக்கும் குறையும்.

யூரியா தெளித்த வைக்கோலையும் விட்டுவிடக் கூடாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் நார் இளகும், நைட்ரஜனும் ஏறும். பாடப் புத்தகத்தில் இருக்கிற, வேலை செய்கிற முறை. பக்கத்து ஊரில் ஒருவர் செய்ததைப் பிரித்துக் காட்டும்போது எழுந்த அம்மோனியா நெடியில் அப்பாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதத் தின்னா மாடு பொழைக்குமா?" என்று திரும்பி நடந்துவிட்டார். அளவு தவறினால் யூரியா மாட்டைக் கொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

செய்தது

ஆக, செய்தது மிகச் சாதாரணம். கொல்லையில் தென்னைக்கு நடுவே பதினைந்து சென்ட் ஒதுக்கி, பாதியில் கோ-5 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணை, பாதியில் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி. ஒரு பழைய புல் நறுக்கும் இயந்திரத்தை மூன்று வீடு சேர்ந்து வாங்கினோம். வைக்கோலை ஒரு கிலோ குறைத்து, நறுக்கி, நறுக்கிய பச்சையோடு கலந்து போட்டோம். அப்பாயி சொன்ன பயத்தங்கொடி வேலையை இப்போது வேலிமசால் செய்தது.

கடைசியில் நிலைத்த அளவு இது: வைக்கோல் நாலரை கிலோ, கோ-5 புல் 12 கிலோ, வேலிமசால் 3 கிலோ, தவிடு ஒரு கிலோ, கலப்புத் தீவனம் பழையபடி ஒரு கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு அரை கிலோ, தாது உப்பு 50 கிராம். உலர் எடையில் 9 கிலோ 450 கிராம். புரதம் 900 கிராம்.

தேங்காய்ப் புண்ணாக்குக்கு ஒரு காரணம் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் செக்குகள் இருப்பதால் எளிதாகக் கிடைக்கும் என்பது ஒன்று. அதில் மிச்சமிருக்கும் எண்ணெய் மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு ஆகாது என்பது இன்னொன்று. தீவனத்தில் கொழுப்பு ஒரு சதவீதம் கூடினால் மீத்தேன் 4, 5 சதவீதம் குறையும் என்பது பல சோதனைகளின் சராசரி. ஆனால் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிக்காது. அரை கிலோ புண்ணாக்கில் அந்தப் பயமில்லை. பெரிய பலனும் எதிர்பார்க்கக் கூடாது. வேலிமசால் இலையிலும் டானின் உண்டு. டெஸ்மாந்தஸ் என்ற அந்தச் செடி இனத்தை ஆஸ்திரேலியாவில் மீத்தேன் குறைப்புக்காகவே ஆராய்கிறார்கள். நம் கொல்லையில் அது புரதத்தையும் சேர்த்தே கொண்டுவருவதால் புளியங்கொட்டைத் தோலில் இருந்த சிக்கல் இல்லை.

நடுவில் ஒரு சறுக்கல். விலை மலிவாக வந்ததென்று ஐம்பது கிலோ மூட்டையாகப் புண்ணாக்கை வாங்கிப் போட்டார்கள். சித்திரை வெயிலில் மூன்றே வாரத்தில் சிக்கு வாடை அடித்தது. செவலை தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையை உதறியது. நான்கு நாள் பால் ஒரு லிட்டர் இறங்கியது. வாங்கச் சொன்னது நான்தான், அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த நான்கு நாளும் எனக்கு டீ வரவில்லை. அதற்குப் பிறகு பத்துக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.

வந்த எண்

வைகாசியில் செவலை ஏழு லிட்டருக்கு வந்தது. கன்று போட்டு ஏழு மாதம் ஆன மாடு, வழக்கமாக இறங்குமுகத்தில் இருக்க வேண்டியது. கருப்பி அரை லிட்டர்தான் ஏறியது. கூடுதல் தீவனச் செலவு, விட்ட தவிட்டின் விலையைக் கழித்து, அப்போதைய விலையில் மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 15 ரூபாய்க்குள் அடங்கியது. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக்கியது. 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து அதிலும் முன்பின் ஆகும். செவலையில் மிச்சம் தெரிந்தது, கருப்பியில் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போயிற்று. புல் அறுக்கிற அக்காவின் உழைப்பை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கருப்பி நஷ்டம்.

மீத்தேன்? 9.45 கிலோவுக்கு அதே 6.5 சதவீதத்தைப் போட்டேன். தீவனம் தேறிவிட்டது, புண்ணாக்கு எண்ணெய் இருக்கிறது, சதவீதம் குறைந்திருக்கும் என்று நமக்குச் சாதகமாக வளைக்க ஆசைதான், வளைக்கவில்லை. நாளுக்கு 204 கிராம் வந்தது. முன்பு 194. அதாவது மாடு மொத்தமாக விடும் மீத்தேன் பத்து கிராம் கூடிவிட்டது. லிட்டருக்குப் பார்த்தால் 32 கிராமிலிருந்து 29க்கு இறங்கியிருக்கிறது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இந்த இரண்டு எண்ணில் எதைச் சொல்வது என்பதில்தான் இந்தத் துறையின் பாதி வாக்குவாதம். தேசியப் பால்வள வாரியம் 2012 முதல் பல மாநிலங்களில் நடத்திய சரிவிகிதத் தீவனத் திட்டத்தில், லிட்டருக்கான மீத்தேன் 12 முதல் 15 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். அதுவும் லிட்டர்க் கணக்குதான். நம் கொட்டகை அதே திசையில், கொஞ்சம் பின்னால் நிற்கிறது. ஆனால் வானத்துக்கு லிட்டர் தெரியாது, கிராம்தான் தெரியும். ஊரில் அதே அளவு பாலைக் குறைந்த மாடுகளில் கறந்தால்தான் லிட்டர்க் கணக்கு வானத்துக்குப் பயனாகும். அக்கா மாட்டைக் குறைக்கவில்லை. பால் கூடியதால் கிடேரியையும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

மொத்த அளவும் குறைய வேண்டுமானால் அந்த டானின் கலவை மாதிரி ஒன்று இப்போது, புரதம் சரியான பிறகு, மேலே வர வேண்டும். 204இல் 18 சதவீதம் கழித்தால் 167. அது பழைய 194க்கும் கீழே. எனக்கு இந்தக் கொட்டகையில் பிடிபட்டது இந்த வரிசைதான். அடித்தீவனத்தைச் சரிசெய்யாமல் மேலே எந்தப் பொடியைத் தூவினாலும் வைக்கோல் மாட்டில் அது எடுபடாது. சரிசெய்த பிறகு, அந்தப் பொடிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி வரும். பால் கூட்டாத பங்குக்கு அக்கா கொடுக்க மாட்டார், கொடுக்கச் சொல்வது நியாயமும் இல்லை. 2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் சேர்ந்து, 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக உறுதி எடுத்தபோது இந்தியா சேரவில்லை. இரண்டு மாடு வைத்திருப்பவரின் வயிற்றுப்பாட்டை வசதிக்காக வெளியாகும் வாயுவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது நம் தரப்பு. அந்தக் கொட்டகையில் நின்று பார்த்தால் அது சரியாகத்தான் படுகிறது. அதற்காகக் கலவையை மானியத்தில் தரக்கூடாது என்றில்லையே.

மூலையில் நின்ற மாடு

உம்பளாச்சேரிப் பசுவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு நினைத்தேன். சின்ன உடம்பு, நாளுக்கு 6 கிலோ உலர் தீவனம், 129 கிராம் மீத்தேன். பால் 2 லிட்டர். லிட்டருக்கு 65 கிராம்: செவலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். லிட்டர்க் கணக்கை மட்டும் நம்புகிறவர் இதை முதலில் விற்கச் சொல்வார்.

ஆனால் அது தண்ணீர் நிற்கிற வயலில் உழுவதற்காகவே இந்த மண்ணில் உருவான இனம். செம்மை நிறத்தில் பிறந்து, சில மாதத்தில் சாம்பலுக்கு மாறும் கன்று. நெற்றியிலும் காலிலும் வாலிலும் வெள்ளை. காளைகளுக்குக் கொம்பு தீய்ப்பதால் மோழை மாடு என்றும், தெற்கத்தி மாடு என்றும் பெயர். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இந்த இனத்துக்கென்றே அரசுப் பண்ணை நடக்கிறது. சேற்று வைக்கோலையும் அது மிச்சம் வைக்காமல் தின்னும். மருத்துவச் செலவு என்று அந்த வீட்டில் அதற்கு எதுவும் எழுதப்படவில்லை. சாணம், கன்று, உழவு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலால் மட்டும் வகுத்தால் எந்த நாட்டு மாடும் தோற்கத்தான் செய்யும். என் நோட்டில் அந்த 65ஐ அடித்துவிட்டு, 'உழவு மாட்டினம், பால் கணக்கு பொருந்தாது' என்று எழுதினேன். அப்பாயிடம் சொல்லவில்லை.

மழை

புரட்டாசி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐப்பசி கடைசியில் அடைமழை பிடித்து, கொல்லையில் பதினோரு நாள் தண்ணீர் நின்றது. கோ-5 மஞ்சளடித்துத் தாங்கிக்கொண்டது. வேலிமசால் வேர் அழுகிக் கறுத்துப்போய், இழுத்தால் கையோடு வந்தது. வடகிழக்குப் பருவமழையைத் தெரிந்துகொண்டே பள்ளத்தில் விதைக்கச் சொன்னதும் நான்தான். வைக்கோல் போரின் மேல்வரிசை பூஞ்சணம் பிடித்தது, அதைக் கழித்தார்கள். கார்த்திகையில் மறுபடி வைக்கோலும் தவிடும் கழுநீரும்தான். செவலையும் ஐந்து லிட்டருக்கு வந்துவிட்டது. கறவைக் காலத்தின் கடைசி என்பது ஒரு பகுதி காரணம், தீனி மற்றொரு பகுதி.

எந்தத் துணைத் தீவனத் திட்டமானாலும் டெல்டாவில் இந்த இரண்டு மாதத்தைத் தாண்டியாக வேண்டும். பச்சையைக் கோடையிலேயே நறுக்கி ஊறுகாய்ப்புல்லாகப் போட்டு வைத்திருக்கலாம், வேலிமசால் இலையை உலர்த்தி மூட்டை கட்டியிருக்கலாம். செய்யத் தோன்றவில்லை.

போன வாரம் போனபோது அக்கா குளத்தங்கரை மேட்டை ஒட்டி ஆறு சென்ட் கொத்திப் போட்டிருந்தார். போன தடவை எடுத்து வைத்த விதை முடிச்சை அவிழ்த்து ஒரு கிண்ணத்தில் கொட்டினார். வேலிமசால் விதைக்கு ஓடு கெட்டி, வெந்நீர் படாமல் முளைக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்திலிருந்து தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, "எத்தன நிமிஷம் தம்பி?" என்றார். நான் சொல்வதற்குள் அப்பாயி தண்ணீருக்குள் விரலை வைத்துப் பார்த்து, "போதும், வடிச்சுடு" என்றார்.